தீக்குச்சி நட்ட பஸ்

1. கிராஃபிக்

“கிராஃபிக். கிராஃபிக். கிராஃபிக்.”

நான் செய்த வெப் பக்கத்தை முதன்முதலாக ஒருவர் காதால் கேட்டபோது அது சொன்னது இவ்வளவுதான்.

இடம், மன்னார்குடியில் சலீம் பாயின் டிராவல்ஸ் ஆபீஸ். மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு பஸ் விடுகிறவர் அவர். அதுவரை டிக்கெட் எல்லாம் போனிலும் நேரிலும்தான். மற்ற டிராவல்ஸ்காரர்கள் கம்ப்யூட்டர் புக்கிங்குக்கு மாறிவிட்டார்கள் என்று அவரும் ஒரு வெப்சைட் கேட்டார். டேட்டாபேஸ் வேலையைத் திருச்சியில் ஒருவர் பார்த்தார். திரையில் தெரிவதெல்லாம் என் பொறுப்பு.

“பஸ்ஸு மாதிரியே இருக்கணும் கலியமூர்த்தி. ஸ்டியரிங்கூட வேணும்” என்றார் பாய்.

வைத்தேன். கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்த்தால் பஸ் எப்படி இருக்குமோ அப்படி. நாற்பது சீட்டுக்கும் தனித்தனிப் படம். காலி என்றால் வெள்ளை, ஆண்கள் எடுத்தது நீலம், பெண்கள் எடுத்தது ரோஸ். மவுஸால் தொட்டால் பச்சை ஆகும். பாய் அசந்துபோனார். கவுன்டரில் இருக்கும் பாஸ்கர் சீட்டுகளைச் சும்மாவே தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு வசந்தி வந்து உட்கார்ந்தார். அந்த ஆபீஸில் போன் புக்கிங் முழுக்க அவர்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கம்ப்யூட்டர் பயிற்சி முடித்தவர். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளைத் தானே கொண்டுவந்து மெஷினில் போட்டிருந்தார். கீழ் அம்புக் கீயைத் தட்டினார். ஸ்பீக்கரில் ‘கிராஃபிக்’ என்று வந்தது. இன்னொரு தட்டு. இன்னொரு கிராஃபிக்.

“என்னாக்கா, கீறல் விழுந்த கேசட்டு மாதிரி?” என்றார் பாஸ்கர்.

வசந்தி சிரிக்கவில்லை. விடாமல் கடைசி வரைக்கும் தட்டிக் கேட்டார்.

“அண்ணே, எல்லாமே கிராஃபிக்குன்னுதான் சொல்லுது. இதுல ஜன்னல் சீட்டு எது?”

நான் எந்தப் படத்துக்கும் பெயர் கொடுத்திருக்கவில்லை. படத்துக்குப் பெயர் கொடுக்காமல் விட்டால் அந்த மென்பொருளுக்கு அது வெறும் படம். ரோஸும் நீலமும் அதற்குத் தெரியாது.

பாய் சுவரில் இருந்த காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். “பொங்கல் புக்கிங் தொறக்குறதுக்குள்ள இது சரியாவணும். ஆவலைன்னா போன் புக்கிங்க மெட்ராஸ் ஆபீஸே பாத்துக்கட்டும். ஒரே சீட்டை ரெண்டு எடத்துல வித்துட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னு என்னால சண்டை போட முடியாது.”

வசந்திக்கும் கேட்கத்தான் சொன்னார். அவர் கோபக்காரர் இல்லை. நடக்கப்போவதைச் சொன்னார்.

அவர் உள்ளே போனதும் வசந்தி சொன்னார்: “முன்னாடி எஸ்டிடி பூத் வச்சிருந்தேன் அண்ணே. சவுதிக்கும் சிங்கப்பூருக்கும் பேச வரிசையில நிப்பாங்க. அதை செல்போன் தின்னுச்சு. இந்த நாற்காலிய உங்க வெப் பக்கம் திங்கப்போவுதா?”

2. டீயும் டேகும்

இந்த வேலைக்கு நான் வந்த வழியை இங்கே சொல்லிவிடுகிறேன். இப்போது என்னிடம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள், அதற்கு என்ன படித்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு வயல் வேலை. மேட்டூர் அணை திறக்காத ஒரு வருஷம், ஊரில் பாதிப் பேர் விசாவுக்கு அலைந்தபோது நானும் அலைந்தேன். துபாயில் ஒரு ஆபீஸில் டீ போடும் வேலை கிடைத்தது. அது வெப்சைட் செய்து கொடுக்கும் ஆபீஸ். ஷாஜி என்று ஒரு மலையாளி அங்கே டிசைனர். கண்ணாடி டம்ளரில் பால் விடாத சுலைமானி டீ கொண்டுபோய் வைக்கும்போது அவர் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நோக்கு. எந்தப் பக்கத்தோட உள்ளும் காணாம், பாக்கலாம். ரைட் கிளிக் பண்ணு, சோர்ஸ் காட்டும்.”

ஒரு பக்கம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பது எனக்கு நம்ப முடியாத தாராளமாகப் பட்டது. எந்தத் தொழிலிலும் இப்படிக் காட்ட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை லீவில் அவர் மெஷினில் உட்கார்ந்து பழகினேன். எச்டிஎம்எல் என்பது இது தலைப்பு, இது பத்தி, இது பட்டன் என்று ஒவ்வொன்றுக்கும் டேக் போட்டு அடையாளம் சொல்வது. சிஎஸ்எஸ் அதற்கு நிறமும் இடமும் கொடுப்பது. தொட்டால் அசைய வைப்பது ஜாவாஸ்கிரிப்ட். அந்த இங்கிலீஷ் சொற்களை நான் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்வதுபோல அவற்றைத் தெரிந்துகொண்டேன். ஒரு எழுத்து மாறினாலும் முகம் மாறிவிடும், உடனே தெரியும்.

எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. நான் ஆட்களோடு பேசக் கூச்சப்படுகிறவன். கடைக்குப் போனால் என் முறை வந்த பிறகும் நிற்பேன். வெப் பக்கம் எனக்காகப் பேசும். பார்க்கிறவரின் முகத்தை நான் பார்க்க வேண்டாம். அந்த நிம்மதி பெரிதாக இருந்தது.

துபாய் ஆபீஸில் ஆள் குறைத்தபோது ஊருக்கு வந்துவிட்டேன். மச்சானின் ஜெராக்ஸ் கடையில் ஒரு ஓரத்தில் கம்ப்யூட்டர் போட்டு, கல்யாண மண்டபத்துக்கும் ஜவுளிக்கடைக்கும் பக்கங்கள் செய்துகொண்டிருந்தேன். பிறகுதான் பாயின் பஸ் வந்தது.

3. கடைமடை

படங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் உண்மையான பட்டன்களை வைத்தேன். சிஎஸ்எஸ் போட்டதும் பார்க்கிறவருக்கு அவை அதே சீட் படம்போலவே தெரிந்தன, ஸ்டியரிங்கும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ‘சீட் ஒன்று, ஜன்னல், காலி’ என்று தமிழில் பெயர். நிறம் சொன்னதைச் சொல்லாலும் சொன்னேன். பக்கத்தின் மொழி தமிழ் என்று முதல் வரியிலேயே அறிவித்ததும், ஸ்கிரீன் ரீடர் தமிழ்க் குரலுக்கு மாறியது. ஜலதோஷம் பிடித்தவர் படிப்பதுபோல இருக்கும், ஆனால் தமிழ்.

இந்த மாற்றங்களை யாரிடமும் கேட்காமல், ஜெராக்ஸ் கடையிலேயே உட்கார்ந்து செய்து முடித்தேன். கொண்டுபோய்ப் போட்டேன்.

வசந்தி காதில் ஹெட்போனை மாட்டினார். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு எடுத்தார், நானும் கேட்கட்டும் என்று.

“எம்மா வசந்தி, நீடாமங்கலத்துலேர்ந்து பேசறேன். கடைசிக்கு ரெண்டு வரிசை முன்னால ஜன்னல் இருக்கா பாரு.”

ஒவ்வொரு பட்டனாகத் தாவும் டேப் கீயை வசந்தி தட்ட ஆரம்பித்தார். சீட் ஒன்று. சீட் இரண்டு. சீட் மூன்று.

எங்கள் ஊர்ப் பக்கம் வாய்க்கால் தண்ணீர் இப்படித்தான். தலைமடை வயல் நிரம்பித்தான் அடுத்த வயலுக்குப் போகும். கடைமடைக்காரன் வரப்பில் உட்கார்ந்து காத்திருப்பான். டேப் கீயும் அப்படியே போனது. நீடாமங்கலத்துக்காரர் கேட்டது கடைமடை.

“என்னம்மா, சீட்டு போடுறியா, சாம்பார் வைக்கிறியா?”

“ஒரு நிமிசம் அண்ணே, பாக்குறேன்...”

“நான் அப்பறம் பேசறேன்.”

வைத்துவிட்டார். அடுத்த போன் வந்ததும் பாஸ்கர் எடுத்து, மவுஸால் ஒரே தொடலில் முடித்தார். உதவியாகத்தான் செய்தார். ஆனால் அது வசந்தியின் போன். வசந்தி ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதன் வயரைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார், வீட்டுக்குக் கிளம்புகிறவர்போல.

4. மருந்து மேலே, மருந்து கீழே

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். திருத்திக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

“எங்க கெளம்பிட்டீங்க?” என்றார் வசந்தி.

“கடையில வச்சு... சரி பண்ணி...”

“என்னா சரி பண்ணுவீங்க? எனக்கு என்னா வேணும்னு என்னைக் கேட்டீங்களா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“அண்ணே, நீங்க தலையை ஆட்டுனாலும் எனக்குத் தெரியாது. எழுதிக் காட்டுனாலும் தெரியாது. எங்கிட்ட நீங்க பேசித்தான் ஆவணும்.”

பாஸ்கர் சத்தமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பையைக் கீழே வைத்தேன். “இவ்வளவு நாளா எப்படி சீட்டு போட்டீங்க?” என்று கேட்டேன். அந்த ஆபீஸில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

மேஜைக்குக் கீழே தேதிக்கு ஒன்றாக அடுக்கியிருந்த தெர்மாகோல் அட்டைகளில் ஒன்றை எடுத்து மடியில் வைத்தார். பிரிட்ஜ் வாங்கும்போது பெட்டிக்குள் வருமே, அது. அதில் பஸ் இருந்தது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று வரிசையாக ஓட்டைகள். நடுவில் நடைபாதைக்கு ஒரு கோடு கீறப்பட்டிருந்தது. விற்ற சீட்டில் எல்லாம் தீக்குச்சி நட்டிருந்தது. நடவு முடிந்த வயல்போல இருந்தது.

“தொட்டுப் பாருங்க. மருந்து மேல இருந்தா லேடீஸ். மருந்து கீழ இருந்தா ஜென்ட்ஸ்.”

அவர் உள்ளங்கையைக் கடைசி வரிசையிலிருந்து முன்னால் ஒருமுறை ஓட்டினார். “ரெண்டு சேந்தாப்ல காலி மூணு எடத்துல இருக்கு. ஒண்ணு டயருக்கு மேல.” அவ்வளவுதான். அவர் கை சீட் ஒன்றிலிருந்து தொடங்கவே இல்லை.

அந்தக் காலை முழுக்க அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வந்த போன்களை எல்லாம் கேட்டேன்.

“எம் மருமவளுக்கு ஏழு மாசம். டயருக்கு மேல போட்றாதம்மா.”

“பக்கத்துல லேடீஸா இருக்கணும். தனியா வருது பொண்ணு.”

“தம்பி கத்தாருக்குப் போறான். நாங்க ரெண்டு பேரு ஏர்போர்ட் வரைக்கும் போறோம். மூணு பேரும் கிட்டக்கிட்ட வேணும். கடைசி ராத்திரி பாருங்க, பேசிக்கிட்டே போவணும்.”

“டிவிக்குக் கீழ வேணாம். அவருக்குத் தூக்கம் வராது. அப்பறம் என்னையத்தான் திட்டுவாரு.”

ஒருவர்கூட சீட் நம்பரைக் கேட்கவில்லை. நானோ ஒவ்வொரு பட்டனிலும் நம்பரைத்தான் முதல் சொல்லாக வைத்திருந்தேன்.

“காலியா இல்லையான்னு மொதல்ல சொல்லச் சொல்லுங்க” என்றார் வசந்தி. “ஆள் இருந்தா மிச்சத்தைக் கேட்டு நான் என்னா பண்ணப்போறேன்? அதோட, பக்கத்துல யாருன்னு சொல்லணும். நம்பரு கடைசியா வரட்டும், அது டிக்கெட்டுக்குத்தான்.”

பஸ் முழுவதையும் டேப் கீக்கு ஒரே நிறுத்தம் ஆக்கினேன். உள்ளே வந்துவிட்டால் அம்புக் கீகள். மேல், கீழ் என்றால் வரிசை மாறும். இடது, வலது என்றால் பக்கத்து சீட், பிறகு நடைபாதையைத் தாண்டும். கடைசி வரிசைக்கு எண்ட் கீ, முன்வரிசைக்கு ஹோம் கீ. அடுத்த ஜோடிக் காலிக்கு ஒரு கீ, பக்கத்தில் பெண் இருக்கும் அடுத்த காலிக்கு ஒரு கீ. அவர் உள்ளங்கை செய்ததைத்தான் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். எழுதும்போது சந்தேகம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தெர்மாகோலைத் தடவிப் பார்ப்பேன். பாஸ்கர், “அண்ணே, தீப்பெட்டி வேணுமா?” என்பார்.

5. வாயாடிப் பக்கம்

இன்னொரு சிக்கல் மிச்சம் இருந்தது. சென்னை ஆபீஸும் அதே பஸ்ஸை அதே நேரத்தில் விற்கும். அங்கே சீட் போனால் இங்கே திரையில் நிறம் மாறும். பாஸ்கருக்கு அது போதும். வசந்திக்கு, “இருக்கு அண்ணே” என்று போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த சீட் கையைவிட்டுப் போயிருக்கும்.

திரையில் ஏதாவது மாறினால் தானாகவே குரலில் அறிவிக்கும்படி ஒரு பகுதியை வைக்க முடியும். லைவ் ரீஜன் என்பார்கள். வைத்தேன். மிகவும் பெருமையாக இருந்தது.

மறுநாள் ஒரு அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தபோது, ‘சீட் பன்னிரண்டு விற்கப்பட்டது. சீட் முப்பது விற்கப்பட்டது. சீட் ஒன்பது ரத்து’ என்று காதில் ஓயாமல் ஓடியிருக்கிறது.

“எத்தனை பேரும்மா?” என்று வசந்தி கேட்கிறார்.

“மூணு பேருன்னு இதோட ரெண்டு தடவை சொல்லிட்டேனே! காது கேக்காதா ஒனக்கு?”

“காதுதாம்மா கேக்கும்” என்றார் வசந்தி. வைத்த பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணே, உங்களுக்கும் சேத்து இது பேசுது. மொதல்ல வாயை மூடச் சொல்லுங்க.”

“எதைச் சொல்லணும், எதை வேணாம்?” என்று கேட்டேன். இப்போது கேட்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

“நான் எந்த சீட்டு மேல நிக்கிறேனோ அது போனா மட்டும் சொல்லட்டும். உடனே சொல்லட்டும். மத்ததை நான் அங்க போறப்ப கேட்டுக்கிறேன்.”

அப்படியே வைத்தேன். பேசத் தெரிந்த பக்கத்துக்கு எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்றும் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அவரும் ஒரு வேலை செய்தார். ஹெட்போனின் ஒரு காதை அறுத்து எடுத்துவிட்டார். இடது காதுக்குக் கம்ப்யூட்டர், வலது காதுக்கு போன். ஸ்கிரீன் ரீடரின் வேகத்தையும் ஏற்றிவைத்தார். எனக்கு அது வண்டு பறப்பதுபோலத்தான் கேட்டது. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

6. கரண்ட்

பொங்கல் புக்கிங் காலையில் திறந்தது. பாய் அன்று வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு சீக்கிரமே வந்து கவுன்டருக்குப் பின்னால் நின்றார். வாசலில் கூட்டம். சென்னைக்கு வேலைக்குப் போனவர்கள் ஊருக்கு வருவதற்கு, வந்துவிட்டுத் திரும்பிப் போவதற்கு, அங்கிருந்து விமானம் ஏறுவதற்கு. பாஸ்கர் நேரில் வந்தவர்களைப் பார்த்தார். வசந்தியின் போன் விடாமல் அடித்தது.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில சமயம் வேகமாக முடித்தார். சில சமயம் தடுமாறினார். ஒருமுறை அவர் நின்றிருந்த சீட்டையே சென்னை ஆபீஸ் எடுத்துவிட்டது. உடனே அவர் போனில், “அது இப்பத்தான் போச்சு அண்ணே, அதுக்கு முன்வரிசை தரட்டுமா?” என்றார். அந்தப் பக்கம் இருந்தவர் சரி என்றார். நான் மூச்சு விட்டேன். பாய் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் கரண்ட் போனது.

அந்த வருஷங்களில் கரண்ட் போவது புதிதில்லை. யுபிஎஸ் ‘பீக் பீக்’ என்று கத்தியது. பழைய பேட்டரி. பெரிய கண்ணாடி மானிட்டர்கள் இரண்டும் எரிந்தால் சீக்கிரமே படுத்துவிடும்.

“பாஸ்கர், எல்லாத்தையும் நிறுத்துடா. இருக்குற கூட்டத்தை கரண்ட் வந்தப்பறம் பாத்துக்கலாம்” என்றார் பாய். மெட்ராஸ் ஆபீஸுக்கு போன் போடத் தன் செல்லை எடுத்தார்.

“பாய், ஒரு நிமிசம்” என்றார் வசந்தி. “பாஸ்கரோட மெஷினை நிறுத்திடுங்க. என்னுதுல அந்த டிவிப் பொட்டியை மட்டும் அணைங்க. அது எனக்கு எதுக்கு?”

பாய் செல்லைக் கையில் பிடித்தபடி நின்றார். பாஸ்கர் எட்டி வசந்தியின் மானிட்டரை அணைத்தார். யுபிஎஸ் கத்துவதை நிறுத்தவில்லை, ஆனால் விழவும் இல்லை. மோடம் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து வசந்தி அடுத்த போனை எடுத்தார்.

“சொல்லுங்க அண்ணே. எத்தனை பேரு? லேடீஸ் இருக்காங்களா?”

கவுன்டரில் நின்றவர்களும் ஒவ்வொருவராக இந்த மேஜைக்கு வந்தார்கள். பாஸ்கர் அவர்கள் பெயரைச் சொல்ல, வசந்தி அடித்தார். ஒரு பெரியவர் கறுத்த திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “சீட்டு உண்டா, இல்ல சும்மா அடிக்குதா இந்தப் புள்ள?” என்றார். “உண்டு, உண்டு. ஜன்னலே உண்டு” என்றார் பாய். செல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கரண்ட் வருவதற்குள் பேட்டரி தீர்ந்து அதுவும் நின்றுவிட்டது. அதற்குள் வாசல் கூட்டம் பெரும்பாலும் கலைந்திருந்தது. போன் புக்கிங்கை மெட்ராஸுக்கு மாற்றுவதுபற்றி பாய் மறுபடி பேசவில்லை. வேலை நிலைத்தது என்றும் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது வசந்தியின் மேஜைக்குக் கீழே புது பேட்டரி இருந்தது. ஒரு காதுக்கு மட்டுமான நல்ல ஹெட்போனும் வந்திருந்தது. “பாய் நாகூருக்குப் போனப்ப வாங்கிட்டு வந்தாரு” என்றார் வசந்தி. தெர்மாகோல் அட்டைகளைப் பாஸ்கர் பஸ்ஸில் போகும் கண்ணாடிப் பார்சல்களுக்கு அண்டக்கொடுக்க எடுத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் நான் கேட்டு வாங்கி வந்தேன். ஜெராக்ஸ் கடையில் என் மெஷின் பக்கத்தில் இருக்கிறது.

பிறகு எத்தனையோ பக்கங்கள் செய்துவிட்டேன். கருவிகள் மாறிவிட்டன. அன்று நான் எழுதிய ஜாவாஸ்கிரிப்டை இன்று காட்டினால் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் இரண்டு விஷயங்களை அவர்களிடம் விடாமல் சொல்கிறேன். பக்கத்தைப் பயன்படுத்தப் போகிறவரின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள், கூச்சமாக இருந்தாலும் உட்காருங்கள். ஆட்களோடு பேச வேண்டாம் என்றுதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், பேசாமல் செய்த பக்கம் ‘கிராஃபிக்’ என்றுதான் சொன்னது.

இரண்டாவது விஷயம், எந்தப் பக்கத்தையும் கொடுப்பதற்குமுன் நான் செய்வது. ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். மவுஸைக் கழற்றி ஓரமாக வைப்பேன். மானிட்டரை அணைப்பேன். அந்தக் கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வருகிறவர் செய்யப்போகும் வேலையை ஒருமுறை முழுதாகச் செய்து பார்ப்பேன். நடுவில் எங்காவது மானிட்டரைப் போட என் கை தானாகப் போகும். கை போன இடம் எதுவோ, அங்கேதான் இன்னும் வேலை இருக்கிறது.